சேலத்து லேபில் யாரும் உயரம் கேட்கவில்லை

என் தம்பி மகளுக்கு வயது ஏழு, உயரம் 118 சென்டிமீட்டர். ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தபோது அவளை அழைத்துக்கொண்டு சேலத்தில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் முதல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்; இரண்டாவதை, கடைசியாகப் பார்த்த ஒரு மருத்துவரைத் தவிர, ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய சிறுநீரகம் வருங்காலத்தில் எப்படி இருக்கும் என்று ஓரளவாவது கணிக்க வேண்டுமானால் அந்த உயரம் இல்லாமல் முடியாது. கோட்டை மாரியம்மன் பண்டிகை, தட்டுவடை செட், அஸ்தம்பட்டி நெரிசல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தபடியே இருக்கின்றன. நான் எழுத வந்தது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பற்றி.

தம்பி ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறான். குழந்தைக்குச் சளியும் தொண்டை வலியும் வந்து போன சில நாட்களில் இரண்டு கால்களிலும் செங்கருப்புப் புள்ளிகள் எழும்பின, கணுக்கால் வீங்கியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். டெங்குவோ என்று வீடே பதறியது. பிளேட்லெட் எண்ணிக்கை குறையவில்லை, தடவிப் பார்த்தால் புள்ளிகள் மேடாகத் தட்டுப்படுகின்றன, அவையும் கால்களிலும் பிட்டத்திலும்தான் அதிகம் என்பதைக் கண்ட சேலத்துக் குழந்தை மருத்துவர், இது ஐ.ஜி.ஏ. வாஸ்குலைடிஸ் என்று அப்போதே சொல்லிவிட்டார். ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் புரதம் நுண் ரத்தக்குழாய்களில் படிந்து அவற்றை அழற்சியடையச் செய்யும்; தோலோடு சிறுநீரகத்தையும் அது தாக்கலாம். ஹெனாக்–ஷோன்லைன் பர்பியூரா, சுருக்கமாக எச்.எஸ்.பி. என்று நெடுங்காலம் வழங்கிவந்த நோய்தான் இது. இங்கிலாந்தில் என் மகனுக்கும் சின்ன வயதில் இதே நோய் வந்து சரியானதால், அதன் நடைமுறைகள் எனக்கு மனப்பாடம்.

நான் வந்து இறங்கியபோது புள்ளிகள் மறைந்து வாரக்கணக்காகி இருந்தன. எல்லோரும் நோய் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் தோலில் புள்ளி மறைவதற்கும் சிறுநீரகம் தப்பித்துவிட்டது என்பதற்கும் தொடர்பில்லை. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குச் சிறுநீரில் மாற்றம், அதாவது ரத்தமோ புரதமோ, தெரிந்தது. அப்படித் தெரிந்தவர்களில் 85 சதவீதம் பேருக்கு நான்கு வாரங்களுக்குள்ளும், 97 சதவீதம் பேருக்கு ஆறு மாதங்களுக்குள்ளும் அது வந்துவிட்டது. அதனால்தான் புள்ளிகள் மறைந்த பிறகும் ஆறு மாதம் சிறுநீரைத் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். மருத்துவர் சீட்டில் அதை எழுதித்தான் கொடுத்திருந்தார். ஆனால் வாரந்தோறும் மலையிலிருந்து இறங்குவதென்றால் தம்பிக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு தனி. என் மகனுக்கு அங்கே மருத்துவமனையில் ஒரு டப்பா நிறையப் பரிசோதனைப் பட்டைகளைக் கொடுத்தனுப்பினார்கள். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் பட்டையை நனைத்து, டப்பாவின் மேலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு, ஒரு அட்டையில் குறித்துவைப்போம். அதே பட்டைகள் சேலத்து மருந்துக்கடைகளிலும் கிடைக்கின்றன. அதைத் தம்பிக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குழந்தையின் சிறுநீரில் நுரை நிற்பதைப் பார்த்து, புரதம் கசிகிறதோ என்றுதான் லேபுக்குக் கிளம்பினோம். புரதத்தைச் சரியாக அளக்க விடியற்காலையின் முதல் சிறுநீர் வேண்டும். பகலில் நின்று நடமாடும்போது மட்டும் சில குழந்தைகளுக்குப் புரதம் கசியும், அது நோயல்ல. ஆகவே இருட்டோடு எழுப்பி, பாட்டிலில் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்குக் கொண்டுவந்தோம். கவுன்ட்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் வாங்கிக்கொண்டார். வாங்கிய பாட்டிலை ஜன்னலோர மேசையில், வெயில் விழும் இடத்தில் வைத்தார். மெயின் லேபுக்கு எடுத்துப்போகும் பையன் வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. சிறுநீரில் உள்ள சிவப்பணுக்களும், சிறுநீரகக் குழாய்களில் வார்ப்புப் போலப் படிந்து வெளியேறும் காஸ்ட்டுகளும் நேரம் போகப் போகச் சிதைந்துவிடும். அந்தக் காஸ்ட்டுகள்தான் ரத்தம் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது என்பதற்குச் சாட்சி. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். “எல்லாமே இப்படித்தாங்க மேடம் போகுது, ஒண்ணும் ஆகாது” என்றார்.

ரிப்போர்ட் சாயங்காலமே தம்பியின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் எங்கள் பகுதியில் இதற்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். சிறுநீரில் அல்புமின் மூன்று பிளஸ். ரத்தத்தில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம். பக்கத்தில், வழக்கமான அளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சிட்டு, கீழே தடித்த எழுத்தில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தது. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா, கிட்னி நார்மலாம்” என்று அம்மாவுக்கும் போன் போட்டுவிட்டான்.

அந்த அளவு வளர்ந்தவர்களுக்கானது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஏழு வயதுக் குழந்தையின் உடம்பில் தசை எவ்வளவு இருந்துவிடும்? அந்த வயதில் 0.3க்கும் 0.6க்கும் இடையில் ஏதோ ஓர் அளவில்தான் அது இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட, உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். ஷ்வார்ட்ஸ் சூத்திரம் என்பார்கள். இப்போது பயன்பாட்டில் உள்ள வடிவம் 2009இல் வந்தது. 118ஐ 0.413ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 48.7, அதை 0.9ஆல் வகுத்தால் 54. ஆரோக்கியமான குழந்தைக்கு 90க்கு மேல் இருக்க வேண்டிய எண் இது. வடிகட்டும் திறனில் ஏறக்குறையப் பாதியைக் காணவில்லை என்று சொல்ல வேண்டிய தாளில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கிறது.

மறுநாள் அந்த லேபுக்குப் போய்ப் பேசினேன். பொறுப்பில் இருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து, “மெஷின்ல இருந்து வர்றது அப்படியே பிரிண்ட் ஆகுதுங்க மேடம். ரேஞ்ச நாங்க மாத்த முடியாதுங்க. டாக்டருக்குத் தெரியும்ங்க” என்றார். வயது ஏழு என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே அச்சடிக்கத் தெரிந்த அதே கணினிக்கு, ஏழு வயதுக்குரிய அளவைக் கீழே அச்சடிக்கச் சொல்லிக்கொடுப்பது முடியாத காரியமா? டாக்டருக்குத் தெரியும், சரி. ஆனால் மலையில் இருக்கும் தகப்பனுக்கு முதலில் கையில் கிடைப்பது ரிப்போர்ட்தான். ‘நார்மல்’ என்ற சொல்லைப் பார்த்த பிறகு அவன் டாக்டரிடம் போவதையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவான்.

ரத்த அழுத்தத்திலும் இதே கதைதான். முதலில் போன கிளினிக்கில் பெரியவர்களுக்கான பட்டையையே அந்த ஒல்லிக் கையில் ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி, 104/64 என்று எழுதிக் கொடுத்தார்கள். கைக்குப் பொருந்தாத பெரிய பட்டை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். பிறகு குழந்தைகளுக்கான பட்டை வைத்திருந்த இடத்தில் அளந்தபோது 118/78 வந்தது. பெரியவர்களுக்கு இது கவலைப்பட வேண்டிய எண்ணே இல்லை. ஆனால் குழந்தைகளுக்கான அட்டவணையில் வயதோடு உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது அதிகம். இங்கும் உயரம்தான். இந்த நோயில் சிறுநீரகம் எந்தப் பக்கம் போகும் என்பதற்குப் புரதம், வடிகட்டும் திறன், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றுதான் கையில் கிடைக்கும் துப்புகள். அவற்றில் இரண்டை உயரம் தெரியாமல் சரியாகப் படிக்கவே முடியாது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே சேலத்தில்தான் கிடைத்தது. சாரதா கல்லூரி சாலைப் பக்கம் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கென்றே பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போனோம். கூட்டம் வாசல்வரை நின்றது. டோக்கன் முறை அந்தக் காலத்து முறையேதான். ஆனால் உள்ளே போனதும் அவர் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றச் சொல்லிக் குழந்தையைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தது. “வா கண்ணு, எவ்வளவு வளர்ந்திருக்கேன்னு பார்ப்போம்” என்று அவர் கூப்பிட்டபோது, இத்தனை நாள் ஊசிக்குப் பயந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவள் தானாகப் போய் நின்றாள். லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டு 54 என்று எழுதி வட்டமிட்டார். பிறகு, “இந்த லேப்ல கிரியாட்டினின ஜாஃபேங்கிற பழைய நிறமாற்ற முறைல பார்த்திருக்காங்க. சின்னக் குழந்தைங்களுக்கு அதுல கொஞ்சம் கூடத் தெரியும். என்சைம் முறைல திரும்பப் பார்த்துட்டுத்தான் நான் எதுவும் சொல்வேன்” என்றார். திரும்பப் பார்த்ததில் 0.7, கணக்கு 70க்கு வந்தது. பயந்த அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் குறைவுதான். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 1.8, இருக்க வேண்டியது 0.2க்குள். இங்கிலாந்துக் கணக்கில் பார்க்கப் பழகியவர்கள் இதை 113ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், இருநூறைத் தாண்டும்.

தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: “டாக்டர், கிட்னி போயிடுமாங்க?” அவர் மழுப்பவில்லை. சிறுநீர் கடைசிவரை சுத்தமாகவே இருந்த குழந்தைகளில் பிற்காலத்தில் சிறுநீரகப் பாதிப்பு யாருக்கும் வரவில்லை என்று அந்தத் தொகுப்பாய்வு சொல்கிறது. லேசாக ரத்தமோ புரதமோ மட்டும் போனவர்களில் 1.6 சதவீதம், சிறுநீரக அழற்சி முற்றிய நெஃப்ரிடிக் நிலை, புரதம் ஏராளமாகக் கசிந்து உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் நிலை ஆகியவைவரை போனவர்களில் 19.5 சதவீதம். இவள் நடுவில் நிற்கிறாள், பயாப்ஸி பார்த்தால்தான் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும் என்றார்.

காப்பீட்டு வேலையும் படுக்கையும் சிக்கலில்லாமல் முடிந்தன. எடுத்த திசுவில் ஒரு துண்டு ஃபார்மலினிலும், ஐ.ஜி.ஏ. படிவை ஒளிரவைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு துண்டு வேறொரு கரைசலிலும் வெளியூர் ஆய்வகத்துக்குப் போயின. வந்த ரிப்போர்ட்டில், ரத்தத்தை வடிகட்டும் நுண் குழாய்ச் சுருள்களான வடிமுடிச்சுகளில் பாதிக்கும் குறைவானவற்றில் பிறை வடிவச் செல் அடுக்குகள் இருப்பதாகவும், சர்வதேசக் குழந்தைச் சிறுநீரக நோய் ஆய்வுக் குழுவின் வகைப்பாட்டில் இது மூன்றாம் வகை என்றும் இருந்தது. அந்த வகைப்பாடு பெரும்பாலும் பிறைகளின் அளவை வைத்தே ஒன்று முதல் ஆறு வரை பிரிக்கிறது. தழும்பு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதற்கு அதில் போதிய இடமில்லை. அதனால் குறைந்த வகையில் இருந்த குழந்தை பின்னால் மோசமாவதும், உயர்ந்த வகையில் இருந்தது தேறிவருவதும் உண்டு. இணையத்தில் எண்களைப் போட்டால் எதிர்காலத்தைச் சதவீதத்தில் சொல்லும் ஒரு கணிப்பான் இருக்கிறதே என்று மருத்துவரிடம் கேட்டேன். 2019இல் வெளியான அது, ஐ.ஜி.ஏ. சிறுநீரகத்தில் மட்டும் படியும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி நோயாளிகளைக் கொண்டு உருவாக்கியது, நுண்ணோக்கியில் இரண்டு நோயும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதை இவளுக்குப் போட்டுப் பார்த்து நான் எதையும் முடிவுசெய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரே நாளில் எடுத்த எந்த எண்ணையும்விட, சிகிச்சை தொடங்கிய பின் மாதாமாதம் புரதம் எப்படி இறங்குகிறது என்பதைத்தான் அதிகம் நம்புகிறார்.

ஸ்டீராய்டும், புரதக் கசிவையும் அழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் எனலாப்ரிலும் தொடங்கியாயிற்று. மாதாமாதம் பார்க்கும் புரதத்தை நம்ப வேண்டுமானால் அது ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்ததாக இருக்க வேண்டும். ஆகவே என்சைம் முறையில் பார்க்கும் ஒரே லேபை முடிவுசெய்து, தம்பிக்கு நோட்டு ஒன்றில் தேதி, உயரம், எடை, அழுத்தம், விகிதம், கிரியாட்டினின் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சிறுநீர் சுத்தமான பிறகும் நோட்டை மூடக் கூடாது. முழுக்கச் சரியாகிவிட்டதாக நினைத்தவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, பெண்களுக்குக் குறிப்பாகக் கர்ப்ப காலத்தில், அழுத்தமும் புரதமும் திரும்பி வந்திருக்கின்றன.

சேலத்தில் லேப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் சேருங்கள். அது இல்லாதவரை குழந்தையின் கிரியாட்டினினுக்குக் கீழே ‘நார்மல்’ என்று அச்சடிக்காதீர்கள். குழந்தைக்கு அடுத்த பரிசோதனை புரட்டாசி முதல் வாரத்தில். மாதிரியை ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுவரத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.