டயனோஜெஸ்ட் 2 மி.கி. மாத்திரை: எண்டோமெட்ரியோசிஸ் வலிக்குச் சாப்பிட்ட அனுபவம்

டாக்டர் டயனோஜெஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வேலை செய்தது, ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் முதல் மூன்று மாதம் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்தத் தோன்றும். அந்த மூன்று மாதத்தைப் பற்றி எனக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. குறைத்த ஒரு மதிப்பெண் அதற்குத்தான்.

என் நிலைமை இது. இடது சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட் (எண்டோமெட்ரியோசிஸால் வரும், பழைய ரத்தம் தேங்கிய கட்டி), நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பீரியட்ஸ் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அடிவயிறும் இடுப்பும் தொடைவரைக்கும் இழுக்கும், அந்த நாட்களில் மலம் கழிக்கப் போனால் உயிர் போகிற வலி. கல்யாணம் ஆகவில்லை. அதனால் ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்பதை உறவினர்களிடம் மட்டுமல்ல, டாக்டர்களிடமும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சரியாகிற நோய் இல்லை இது. கருப்பையின் உள்ளே வளர வேண்டியதைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் ஒட்டி வளர்ந்து, மாதா மாதம் வீங்கி, புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேருக்கு இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிறது என்பதுதான் கொடுமை.

ஸ்கேன் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாதவர்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள், அதில் சிஸ்ட் தெரியலாம், குடல் பக்கம் ஒட்டியிருப்பது எளிதில் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல், வலி உன் மனசுலதான் இருக்கு’ என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள். சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அது எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், கூடியிருப்பதைப் பார்த்த உடனே கேன்சர் என்று வீடே அழ வேண்டாம். நிச்சயப்படுத்த முதலில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை, 2022இல் வந்த, எண்டோமெட்ரியோசிஸுக்கான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியே அதை மாற்றிவிட்டது.

சரி, ஏன் இந்த மாத்திரை? என் முன்னால் இருந்தவை ஆபரேஷன், ஊசி, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில், மாத்திரை. வலி மாத்திரையில் எத்தனை வருஷம் ஓட்டுவது? நாம் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் ஆசிட் பற்றி, அரிதாகக் காய்ச்சலும் தோல் தடிப்புமாக வந்து உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் ஒவ்வாமை வரலாம் என்று மருந்துகளின் தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்திய பார்மகோப்பியா கமிஷனே 2023 கடைசியில் எச்சரித்தது. ஆபரேஷனில் சிஸ்ட்டை உரித்து எடுக்கும்போது நல்ல சினைமுட்டைகளும் கொஞ்சம் போகும், சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் அளவு இறங்கலாம். பிறகு குழந்தை வேண்டும் என்று நினைக்கும் எனக்கு அது பெரிய பயம். எடுத்தாலும், அதன்பின் ஹார்மோன் மருந்து எதுவும் இல்லாமல் விட்டால் நிறைய பேருக்குத் திரும்ப வருகிறது. ஆபரேஷன் கூடாது என்று சொல்லவில்லை. சிறுநீர்க்குழாயை அழுத்தினாலோ, குடலை அடைத்தாலோ, மருந்துக்கு வலி அடங்காவிட்டாலோ செய்துதான் ஆக வேண்டும். அப்போது இதில் கைதேர்ந்த சர்ஜனைத் தேடிப் போங்கள், பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி என்பதற்காகப் போகாதீர்கள்.

லூப்ரோலைடு ஊசியையும் யோசித்தேன். அது ஈஸ்ட்ரோஜனை அடியோடு இறக்கி, மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பைப் போல ஆக்கிவிடும், உடம்பு தணலாகக் கொதிக்கும், எலும்பு தேயும், அதனால் துணை ஹார்மோன் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் போட மாட்டார்கள். டயனோஜெஸ்ட்டையும் இந்த ஊசியையும் 24 வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் இரண்டும் வலியை ஒரே மாதிரிதான் குறைத்தன, உடம்புக் கொதிப்பு மாத்திரையில் குறைவு. எனக்கு முடிவு எடுக்க அது போதுமாக இருந்தது.

இந்த மாத்திரை புரோஜெஸ்டின் வகை, அதாவது உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன். தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளியே விடாமல். கருத்தடை மாத்திரை மாதிரி 21 நாள் சாப்பிட்டு ஏழு நாள் விடுவது இதில் கிடையாது.

இப்போது அந்த முதல் மூன்று மாதம். பீரியட்ஸ் நின்றுவிடும் என்று எதிர்பார்த்துத்தான் ஆரம்பிப்போம். எனக்கு நடந்தது நேர்மாறு: காபி நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம், நாள் கணக்கு இல்லாமல், நின்றது போல நின்று மறுபடியும். வலி குறைந்திருந்தது, ஆனால் பேட் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. எங்கள் வீட்டைப் போலத் தீட்டு பார்க்கிற வீட்டில் இது உடம்புப் பிரச்சினையோடு நிற்பதில்லை. வாரக்கணக்கில் விளக்கேற்ற வராத பெண்ணைப் பார்த்து எல்லோரும் கேள்வி கேட்பார்கள், நவராத்திரிக் கொலுவுக்குக் கூப்பிட்டால் போவதா வேண்டாமா என்று தினமும் குழப்பம். என் அம்மாதான் ஒருநாள், ‘இது மருந்தால வர்றது, நோய்க்கு மருந்து சாப்பிடுற பிள்ளைக்கு என்ன தீட்டு, நீ வந்து விளக்கேத்து’ என்று முடித்து வைத்தார். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். மூன்றாவது மாதம் முடிகிற சமயத்தில் அது குறைந்து, அப்புறம் நின்றேபோனது. இப்போது பீரியட்ஸும் இல்லை, அந்த வலியும் இல்லை. ரத்தம் நிற்பது கெட்டது, உள்ளே தேங்கும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். தேங்குவதற்கு உள்ளே ஒன்றும் வளரவில்லை, மாத்திரை கருப்பையின் உள்படலத்தை மெலிதாக்கிவிடுகிறது. கொட்டுகிற மாதிரி ரத்தம் போனால், தலை சுற்றினால், பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மற்ற பக்கவிளைவுகளில் எனக்கு வந்தவை தலைவலி, முகப்பரு, கொஞ்சம் முடி கொட்டியது. எடை சிலருக்குக் கூடும், எனக்கு அவ்வளவாக இல்லை. மனநிலையைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். காரணமே இல்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இந்த மாத்திரையால் வரலாம், முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவரிடமாவது ‘நான் மாறிப்போன மாதிரி தெரிஞ்சா சொல்லுங்க’ என்று கேட்டு வையுங்கள், நமக்கே தெரியாமல் நடக்கிற விஷயம் அது.

மெடிக்கல் ஷாப்பில் இதைக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று நினைத்து ஒரு பார்வை பார்ப்பார்கள். கோயிலுக்குப் போக நாள் தள்ளிப்போட வாங்குகிற நோரெதிஸ்டிரோனும் இதுவும் வேறு வேறு, அதை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இன்னொன்று, கல்யாணம் ஆனவர்கள் இதைக் கருத்தடையாக நம்பக் கூடாது, ஆணுறை போல ஹார்மோன் இல்லாத வழி தனியாக வேண்டும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இது சரிப்படாது. டி.பி.க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் இதன் வேலையைக் குறைத்துவிடும். ரத்தக்கட்டி, கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

நிறுத்தினால் வலி திரும்பலாம், இது நோயை வேரோடு எடுக்கிற மருந்து இல்லை. எனக்கு ஆறு மாத ஸ்கேனில் சிஸ்ட் சுருங்கியிருந்தது, ஆனால் மறையவில்லை. வருஷக்கணக்கில் சாப்பிடும்போது எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறையலாம் என்பதால் வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வயதுக்கு வந்து சில வருஷமே ஆன பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

செலவு கம்பெனிக்குக் கம்பெனி நிறைய மாறுகிறது. சீட்டில் பிராண்ட் பெயரோடு ‘டயனோஜெஸ்ட் 2 மி.கி.’ என்றும் எழுதித் தரச் சொன்னால் விலை குறைந்ததைக் கேட்டு வாங்கலாம். சின்ன ஊர்க் கடைகளில் சொல்லிவைத்தால்தான் வரும், தீபாவளி, பொங்கல் விடுமுறையில் அதுவும் தாமதமாகும், அதனால் ஓர் அட்டை எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று மட்டும் போட்டு, மறுநாள் வழக்கமான நேரத்துக்குத் திரும்புங்கள். சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தியோ பேதியோ ஆனால் இன்னொன்று போட வேண்டும். நான் இரவு பல் தேய்த்ததும் போடுகிறேன், பயணத்திலும் அந்த நேரம் தவறுவதில்லை.