சர்வீஸுக்கு குடுத்த லேப்டாப்ல யாரோ பூந்து வெளையாடிட்டாங்க, அரை மாசச் சம்பளம் போச்சு

இன்னும் படபடப்பு அடங்கல, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. கீபோர்டுல நாலு கீ வேலை செய்யலன்னு செவ்வாய்க்கிழமை காலைல லேப்டாப்ப ஒரு சர்வீஸ் கடையில குடுத்தேன். கவுன்டர்ல இருந்தவர் அவ்ளோ தன்மையா பேசினார், "பின் நம்பர் குடுத்துட்டுப் போங்க சார், எல்லா கீயும் அடிச்சுப் பாத்துதானே தரணும்"னு சொன்னார், நியாயமாத்தான் பட்டுச்சு. நானே அவர்கிட்ட பேனா வாங்கி ஸ்டிக்கர்ல எழுதி மூடி மேல ஒட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வாங்கினப்பவும் அது அப்படியே ஒட்டியிருந்துச்சு, யார் வேணா படிக்கலாம்.

வீட்டுக்கு வந்து பாத்தா பிரவுசர் ஹிஸ்டரி மொத்தமா காலி. நான் ஒரு நாளும் அழிச்சதில்ல. பக்குனு ஆகி, எப்பவும் பொருள் வாங்குற ஷாப்பிங் சைட்டைத் திறந்தா வாலட்ல சைபர். புது போனுக்காக கொஞ்சம் கொஞ்சமா போட்டு வச்ச அரை மாசச் சம்பளம்ங்க! புதன் ராத்திரி 9:52க்கு கிஃப்ட் கார்டா வாங்கி யாருக்கோ அனுப்பியிருக்கான், வாலட் பணம்ங்கறதால ஓடிபி கூட கேக்கல, கன்ஃபர்மேஷன் மெயில் ட்ராஷ்ல கிடக்குது.

கடைக்கு போன் போட்டா "வைரஸா இருக்கும் சார்". மறுநாள் "டெக்னீஷியன் லீவு". மூணாவது தடவை எடுக்கவே இல்ல. சைட்டோட கஸ்டமர் கேர் அதுக்கு மேல, "ஆர்டர் உங்க டிவைஸ்ல இருந்துதான் போயிருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறாங்க. என் டிவைஸ்தான், ஆனா அன்னிக்கு அது என் கையில இல்லையே!

அப்பதான் ஈவன்ட் வியூவர் ஞாபகம் வந்துச்சு, மெஷின்ல எப்போ என்ன நடந்துச்சுன்னு விண்டோஸே எழுதி வைக்கற லாக்கை (பதிவை) அதுல பாக்கலாம். விண்டோஸ்ல ஸ்டார்ட்ல தேடினாலே வரும். விண்டோஸ் லாக்ஸ், அதுல சிஸ்டம். ஒவ்வொரு பதிவுக்கும் ஈவன்ட் ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும். 6005னா மெஷின் ஆன் ஆன நேரம், 6006 ஆஃப் ஆன நேரம், 7001 யூசர் உள்ள போன நேரம். புதன் ராத்திரி 9:41க்கு 6005, அடுத்த நிமிஷமே 7001, 10:20க்கு 6006. ரசீதுல செவ்வாய் குடுத்தது வெள்ளி வாங்கினதுன்னு கடை சீலோட இருக்கு. ஹிஸ்டரியத் துடைச்சவனுக்கு இது தெரியல.

உங்களுக்கும் சந்தேகம் வந்தா உடனே அந்த லாக்கை ஃபைலா சேவ் பண்ணிடுங்க, இடம் நெறஞ்சா பழசு மேல புதுசு எழுதிடும். செக்யூரிட்டி லாக்ல 1102 இருந்தா யாரோ அந்த செக்யூரிட்டி லாக்கையே அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல ரீசன்ட் லிஸ்டையும் பாருங்க. சர்வீஸுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி எல்லா சைட்லயும் லாக்அவுட் பண்ணுங்க, அவங்களுக்குன்னு தனி யூசர் அக்கவுன்ட் போட்டுக் குடுங்க, சொந்தப் பின் நம்பர மட்டும் குடுத்துடாதீங்க.

ரசீது, லாக் ரெண்டையும் பிரின்ட் எடுத்தாச்சு. காலைல போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். அரை மாசச் சம்பளம், விட மாட்டேன்.