கதவைச் சாத்தினால் நஷ்டம் யாருக்கு?

போன மே மாதம் வெளியூரில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அண்ணன், மைனி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், நான். பாளையங்கோட்டையில் ராத்திரி வேன் ஏறி, காலை பத்தரைக்குக் கையில் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாயிற்று. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் நாங்கள் ஏறி இறங்கியது மொத்தம் ஐந்து. அதில் ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மை ரயில்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் மட்டும் ஒன்றரை மணி நேரம். கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து, முன்னால் நிற்பவரின் பனியன் முதுகில் எழுதியிருந்தது மனப்பாடம் ஆகும் வரை நின்றோம். எங்களுக்கு முன்னால் இன்னும் இருபது பேர்தான் என்றபோது சீருடை போட்ட பையன் ஒருவன் வந்து சங்கிலியை மாட்டினான். "இன்னைக்கு இவ்வளவுதான் சார்." பூங்கா மூட முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது. ஏன் என்று கேட்டால், "மேல சொல்லிட்டாங்க." பக்கத்து வாசல் வழியாக, கூடுதல் காசு கொடுத்து விரைவுச் சீட்டு வாங்கியவர்கள் அதற்கு ஐந்து நிமிஷம் முன்பு வரை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அண்ணன் மகனுக்குப் பதினொரு வயது. அவன் அழவில்லை. "சித்தப்பா, நாம குடுத்த ரூவாயில இதுக்கு உள்ளத திருப்பிக் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. ஒருநாள் லீவு கிடைத்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் யோசிக்கிற இடங்கள் நாலு: வெளியூர்ப் பூங்கா, கன்னியாகுமரிப் படகு, குற்றாலம், நம்ம திருநெல்வேலி டவுன் பொருட்காட்சி. நாலிலும் வரிசை உண்டு. நாலிலும் நம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதும் உண்டு. ஆனால் சாத்தினால் நஷ்டம் யாருக்கு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. வரிசையின் குணமே அதை வைத்துத்தான் அமைகிறது என்பது என் கட்சி.

பூங்காவில் முழுக் காசையும் வாசலிலேயே வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு நீங்கள் பத்து தடவை ஏறினாலும், ஒரு தடவைகூட ஏறாமல் நின்றாலும் அவர்களுக்கு ஒரே வரவுதான். இன்னும் சொன்னால் வரிசை நீண்டால்தான் விரைவுச் சீட்டு விலைபோகும். அமெரிக்காவில் டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது அது இலவசம். சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு வந்தால் நேரே ஏறிக்கொள்ளலாம். 2021-ல் அதை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே வசதியைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். வரிசையைக் குறைக்க வந்த ஏற்பாடு வரிசையை வைத்துச் சம்பாதிக்கிற ஏற்பாடாக மாறிய கதை அது.

விரைவுச் சீட்டால் என்ன ஆகிறது என்று அன்றைக்கு வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. ஒரு நடைக்கு 20 இருக்கை. ஆட்களை ஏற்றி, பூட்டு இழுத்துப் பார்த்து, ஓட்டி, இறக்க 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 நடை, 240 பேர். நமக்கு முன்னால் 300 பேர் என்றால் ஒண்ணேகால் மணி நேரத்தில் நம் முறை. இதில் நடைக்கு 8 இருக்கையை விரைவு வாசலுக்குக் கொடுத்தால் நமக்கு மிச்சம் 12. மணிக்கு 144 பேர்தான் போக முடியும். அதே 300 பேர் கரைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் வரிசையில் ஒரு ஆள் கூடவில்லை, ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடிவிட்டது.

நடுவில் நிறுத்துவதை எல்லாம் குற்றம் சொல்லவும் முடியாது. இடி, மின்னல், பலத்த காற்று என்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மழையில் தண்டவாளம் நனைந்தால் உராய்வில் பிடிக்கிற பிரேக் பிடிக்கும் விதமே மாறும். வண்டிகளுக்கு இடையில் இருக்க வேண்டிய தூரம் குறைந்தால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும்; ஆள் வந்து பார்த்த பிறகுதான் மறுபடி ஓடும். அதற்காக அரை மணி நேரம் நிற்கச் சொன்னால் நிற்கலாம். என் வருத்தம் வேறு. மூடும் நேரம் நெருங்கினால் வரிசையின் வாலை அடைக்க வேண்டும், தலையை அல்ல. புதிதாக வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே நிற்பவரை ஏற்றி முடிக்க வேண்டும். அந்த டிஸ்னியிலேயே மூடும் நேரத்துக்குள் வரிசைக்குள் வந்துவிட்டவரை ஏற்றிவிட்டு நிறுத்துவதுதான் வழக்கம். எங்களுக்கு நடந்தது நேர்மாறு. ஒன்றரை மணி நேரம் நின்றவனையும் ஒன்றரை நிமிஷம் நின்றவனையும் ஒரே சங்கிலி தடுத்தது.

கன்னியாகுமரிக்கு வருவோம். காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு காலை 8 மணிக்கு ஆரம்பம், மாலை 4 மணியோடு டிக்கெட் முடியும். இது ஊருக்கே தெரிந்த நேரம் என்பதால் இங்கே ஏமாற்றம் பாதி குறைந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு வந்து வரிசையின் வாலில் நிற்பவருக்கு, தான் பந்தயம் கட்டுகிறோம் என்பது தெரியும். சபரிமலை சீசனில், அதாவது கார்த்திகை பிறந்து தை வரை, அந்தப் பந்தயம் வேண்டாம். கறுப்பு வேட்டிக் கூட்டம் விடியும் முன்பே வந்து நின்றுவிடும். இங்கேயும் கூடுதல் கட்டணத்தில் சிறப்பு வரிசை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பூங்காவுக்கு அநியாயம் செய்தது ஆகும்.

குமரியில் கதவைச் சாத்துவது பெரும்பாலும் கடல்தான். காற்று பலமாக இருந்தாலோ, கடல் உள்வாங்கினாலோ படகு நிற்கும். முன்பெல்லாம் இன்னொரு சங்கடம் இருந்தது. தண்ணீர் மட்டம் குறைந்தால் பாறைக்குப் படகு போகும், பக்கத்துத் திருவள்ளுவர் சிலைக்குப் போகாது. 133 அடி ஐயனைக் கூப்பிடு தூரத்தில் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் இருப்பார்கள். சிலை திறந்தது 2000 ஜனவரி 1. அதன் வெள்ளி விழாவை ஒட்டி 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாலத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கீழே கண்ணாடியில் தெரியும் கடல்தான் பேச்சு. எனக்கு அது 'பாதியில் மூடிவிட்டோம்' என்கிற பதிலுக்கு வைத்த முற்றுப்புள்ளி. வரிசையை நிர்வகிக்கிறவர்கள் எல்லா இடத்திலும் இப்படி ஒரு தடவை யோசித்தால் போதும்.

குற்றாலத்துக்கு டிக்கெட்டே கிடையாது. (2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. இருந்தாலும் குற்றாலத்தை நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.) டவுனில் இருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் சாரல் அடித்தால் போதும், மெயின் அருவியில் தலையைக் கொடுக்க வரிசை ஆரம்பித்துவிடும். இந்த வரிசை உலகத்தில் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. எண்ணெய் வழிகிற உடம்போடு நூறு பேர் ஒருவரை ஒருவர் வழுக்கியபடி நிற்பார்கள். உள்ளே போனவனை வெளியே கொண்டுவருவது அவன் மனசாட்சி அல்ல, போலீஸ்காரர் விசில்.

மேலே இருந்து வரும் தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அதனால்தான் அந்த உயரத்தில் இருந்து விழுவதைத் தலை தாங்குகிறது. மலையில் மழை வலுத்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். கெஞ்சுவதில் பலன் இல்லை, கெஞ்சவும் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் போனான். பதினேழு வயது. அதற்குப் பிறகு விசில் சத்தம் கேட்டால் முனகாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறேன். பணம் என்று பார்த்தால் போவது பெட்ரோல் மட்டும்தான். அதற்கும் பழ வண்டியில் மங்குஸ்தானோ ரம்புட்டானோ வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஒரே குறை, சீசன் பொய்த்த வருஷம். அருவி நூல் மாதிரி ஒழுகும், வரிசை மட்டும் அப்படியே இருக்கும்.

கடைசியாகப் பொருட்காட்சி. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரை ஒட்டி டவுனில் போடுவார்கள். ஜெயண்ட் வீல், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா, மரணக் கிணறு, டெல்லி அப்பளம். எல்லாம் தெரிந்ததுதான். பெரிய பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை முதலில் உதட்டைப் பிதுக்கும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற இரும்பு அது. பிள்ளையை ஏற்றும் முன் குறுக்குக் கம்பி சரியாகப் பூட்டுகிறதா என்று நானே ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். கூட்டம் நெரிந்தால் சுற்றும் நேரம் குறையும். எட்டு சுற்று நாலாகிவிடும், யாரும் எண்ண மாட்டார்கள் என்று நினைப்பு. பிள்ளைகள் எண்ணுகின்றன.

ஆனால் இங்கே ஒரு ஏற்றத்துக்கு ஒரு சீட்டு. நீங்கள் ஏறினால்தான் ராட்டினக்காரருக்குக் காசு. அதனால் வரிசையை நகர்த்துவதில் உங்களைவிட அவருக்கு அவசரம். ஜெயண்ட் வீலில் ஆள் ஏற்றுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். வந்த வரிசைப்படி ஏற்ற மாட்டார். ஒரு தொட்டியில் நாலு பேரை உட்கார வைத்தால், சக்கரத்தை அரைச்சுற்று சுற்றி எதிர்த் தொட்டியில் அதே எடைக்கு ஆள் தேடுவார். ஒரு பக்கம் கனத்தால் சக்கரம் இழுக்கும் என்பதால் அப்படி. "அண்ணாச்சி, நீங்க இங்க வாங்க, மைனியும் பிள்ளையளும் அங்கிட்டு" என்று குடும்பத்தைப் பிரிப்பது அதற்காகத்தான். எங்கள் அண்ணன் கொஞ்சம் பருமன். அவருக்கு எதிரே எப்போதும் மூன்று பேரை வைப்பார்கள். மைனிக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

இந்த வருஷம் ஆனியில் போனபோது இரவு எட்டரை இருக்கும். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். சீட்டு வாங்கி, ஏறுவதற்கு இரண்டே பேர் முன்னால் இருக்கும்போது வீல்காரர் மேலே அண்ணாந்து பார்த்தார். உச்சித் தொட்டி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

"காத்து அடிக்கு அண்ணாச்சி. இனிமே இன்னைக்கு ஓட்ட மாட்டேன். காசு வேணும்னா வாங்கிக்கிடுங்க. இல்லன்னா சீட்ட பத்திரமா வச்சிக்கிடுங்க, நாளைக்கு ஏத்திவிடுதேன்."

அண்ணன் காசுக்குக் கையை நீட்டினார். பையன் அதற்குள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு நேரே அங்கேதான் கூட்டிப்போகச் சொன்னான். வியர்வையில் நைந்துபோன சீட்டை வீல்காரர் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கம்பியைத் தூக்கிவிட்டார்.