நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோன பயிற்சி

எனக்குப் பார்வை அறவே இல்லை. பி.ஏ. வரலாறு முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தபோது, "மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசக் கணினிப் பயிற்சி, 100 சதவீத வேலை உறுதி" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் வந்தது. மதுரையில் ஓர் அறக்கட்டளை. பெயரை எழுதவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வேறு ஊரில் இதே கடையைத் திறக்கலாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இலவசம் என்றவர்கள் சேர்ந்த அன்றே 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். ரசீது கேட்ட அப்பாவிடம், "திரும்பித் தரப்போற பணம்தானேங்கய்யா, எதுக்கு ரசீது?" என்றார் மேலாளர். அப்பாவும் சரி என்று கொடுத்துவிட்டார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பில் கணினியில் ஜாஸ் பேசியது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. கல்லூரியில் எனக்கு அது கிடைத்ததே இல்லை, அதனால் அப்படியொரு சந்தோஷம். நாற்பது நிமிடத்தில் குரல் நின்றது. பயிற்சியாளர் கணினியை அணைத்துப் போட்டார். மறுபடி நாற்பது நிமிடம், மறுபடி நின்றது. கரண்ட் பிரச்சினை என்றார். ஒரு வாரம் நம்பினேன். பக்கத்து சீட் தம்பிதான் விஷயத்தை உடைத்தான்: "அக்கா, இது லைசென்ஸ் வாங்காத ஜாஸ். காசு கட்டலைன்னா நாற்பது நிமிஷம்தான் ஓடும். அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணணும்."

ஆறு மாதமும் அப்படித்தான். எக்செல்லில் பாதிப் பட்டியல் போட்டிருப்பேன், குரல் போய்விடும். சேமித்தேனா இல்லையா என்றே தெரியாது.

லைசென்ஸுக்குப் பணம் இல்லையென்றால்கூடப் பரவாயில்லை. இதே வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. என்ற இன்னொரு மென்பொருள் முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் எழுதத் தொடங்கியது. இறக்கிப் போடச் சில நிமிடம் போதும். எங்கள் பயிற்சியாளருக்கு அதன் பெயரே தெரியவில்லை! அவர் பாடம் நடத்தியதும் "இதோ, இந்த நீல பட்டனை அமுக்குங்க" என்றுதான். மவுஸே பிடிக்காத எங்களுக்கு எந்த நீலம்? கீபோர்டிலேயே எல்லாம் செய்யும் வழிகளை அந்தத் தம்பி சொல்லித்தான் கற்றுக்கொண்டேன்.

நிதி கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் வரும் நாளில் மட்டும் பிரியாணி, புது டீஷர்ட்.

வேலைக்கு வருவோம். "சட்டப்படி கம்பெனிகள் உங்களை எடுத்தே ஆகணும்" என்பார்கள். அது பொய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4 சதவீத இடஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கானது. தனியார் எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனாலும் எனக்கு மேடையில் வைத்து வேலைக் கடிதம் கொடுத்தார்கள், படமெடுத்தார்கள். சென்னையில் ஒரு கால்சென்டர். அவர்களுடைய மென்பொருளில் எந்தப் பொத்தானுக்கும் பெயர் போடவில்லை. ஸ்க்ரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே வாசித்துக்கொண்டிருந்தது. எதை அமுக்கினால் அழைப்பு துண்டிக்கும், எதை அமுக்கினால் பதிவாகும்? மூன்றே வாரத்தில் எச்ஆர் அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசி அனுப்பிவைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மென்பொருள் எங்களோடு ஒத்துப்போகுமா என்று அறக்கட்டளைதான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

திரும்பிப் போய்க் கேட்டால், "வேலை போட்டுக் கொடுத்தாச்சும்மா, எங்க பொறுப்பு முடிஞ்சது" என்றார் மேலாளர். டெபாசிட் "ஆவணச் செலவுக்கு" கழிந்துவிட்டதாம். ரசீது இல்லாத பணத்துக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

இப்படி ஓர் இடத்தில் சேரப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் அங்கே கணினியில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அரை மணியில் தெரியாது, நாற்பதைத் தாண்ட வேண்டும். முந்தைய பேட்ச்சில் வேலைக்குப் போனவர்களில் ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருப்பவர் ஒருவரிடமாவது பேசுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி அட்டையின் நகலைக் கொடுங்கள், ஒரிஜினலை யாரிடமும் விட்டுவராதீர்கள். கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே மத்திய அரசின் வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரித்துவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

போன வாரம் அந்தத் தம்பி அழைத்தான். அடுத்த பேட்ச்சுக்கான நோட்டீஸில், வேலைக் கடிதத்தோடு நான் நிற்கும் படத்தைப் போட்டிருக்கிறார்களாம். நான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேனாம்.