பிறந்த வீட்டிலா, புகுந்த வீட்டிலா? ஆன்டிபயாட்டிக் மரபணுக்களை எழுப்ப இரண்டு வழிகள்

"பெரியம்மா, என் புராஜெக்டுக்கு குளோனிங் பண்ணவா, கிரிஸ்பர் பண்ணவா?" போன ஞாயிறு சிராங்கூன் ரோட்டில் தோசைக்குக் காத்திருந்தபோது தங்கை மகள் கேட்டாள். மரபணுவை எடுத்து வேறோர் உயிருக்குள் வைப்பது குளோனிங்; இருக்கும் இடத்திலேயே வெட்டித் திருத்துவது கிரிஸ்பர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. கையில் ஆறு மாதம்தான் இருக்கிறது. தோசை வந்து, சாப்பிட்டு, காப்பியும் ஆன பிறகும் பேச்சு முடியவில்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மழை பெய்ததும் வீவக புளோக்கின் கீழே ஒரு மண்வாசனை எழுகிறதே, அதில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. அதை உண்டாக்குவதில் முக்கியமானவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக்கள். 1943ல் காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் இந்தக் குடும்பத்திலிருந்துதான். 2002ல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் மரபணுத் தொகையை முழுவதும் படித்தபோது, இத்தகைய வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக் கூட்டங்கள் 20க்கும் மேல் இருப்பது தெரிந்தது. அதுவரை அதில் கண்டெடுத்திருந்த பொருள்களோ ஒரு கைக்குள் அடங்கும். மீதியெல்லாம் ஆய்வகத் தட்டில் உறங்குகின்றன. அவற்றை எழுப்புவதுதான் வேலை.

முதல் வழியான குளோனிங், அந்த மரபணுக் கூட்டத்தை அப்படியே எடுத்து வேறொரு பாக்டீரியாவுக்குள் வைப்பது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல. இது நடக்கக் காரணம் இயற்கை செய்து வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு: ஆன்டிபயாட்டிக்கைத் தயாரிக்கும் மரபணுக்களும், அதிலிருந்து பாக்டீரியா தன்னையே காத்துக்கொள்ளும் மரபணுவும், பெரும்பாலும் அடுத்தடுத்தே உட்கார்ந்திருக்கின்றன. 1984ல் டேவிட் ஹாப்வுட்டும் பிரான்சிஸ்கோ மல்பர்டீடாவும் ஆக்டினோரோடின் என்ற நீல நிற ஆன்டிபயாட்டிக்கின் மரபணுக்கள் முழுவதையும் வேறொரு ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குள் வைத்து, அங்கே அதே பொருளை உண்டாக்கிக் காட்டினார்கள். எனக்கு இன்றும் அதை நினைத்தால் சிலிர்க்கும்.

இன்று புகுந்த வீடுகளும் தயாராகவே இருக்கின்றன. சீலிகலரின் சொந்தக் கூட்டங்களில் நான்கை நீக்கி எம்1146 என்ற வகையைச் செய்தார்கள். அதிலிருந்து வந்த எம்1152 இன்னும் தாராளமாக விளைச்சல் தருகிறது. இதன் அருமை, பாக்டீரியா தயாரித்த பொருள்களை முகடு முகடாக வரைந்து காட்டும் கருவியின் முன்னால் உட்காரும்போதுதான் தெரியும். பின்னணி இரைச்சல் குறைவு. வெற்று வகையில் இல்லாத ஒரு முகடு, மரபணு ஏற்றிய வகையில் எழுந்தால், அது இந்தக் கூட்டத்தின் வேலை என்று தைரியமாகச் சொல்லலாம்.

சிரமம் என்ன? நீளம். மரபணுத் துண்டைச் சுமக்கும் காஸ்மிட் ஏறக்குறைய 40,000 டிஎன்ஏ எழுத்து தாங்கும்; பல கூட்டங்கள் அதைவிடப் பெரியவை. ஈஸ்ட்டுக்குள் துண்டைப் பிடித்து ஒட்டவைக்கும் டார் முறையில், 2014ல் டாரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் 67,000 எழுத்துகளை ஒரே மூச்சில் எடுத்தார்கள். டாப்டோமைசின் என்ற இன்னொன்றுக்கு 128,000 எழுத்து நீளத் துண்டு தேவைப்பட்டது. கூட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆன்டிஸ்மாஷ் மென்பொருள் காட்டுவது மதிப்பீடுதான். நான் ஒருமுறை அந்த எல்லையை நம்பி வலது ஓரத்தில் இரண்டு மரபணுக்களை விட்டுவிட்டேன். ஏழு மாதம் தட்டு தட்டாகப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. இரண்டு பக்கமும் தாராளமாகச் சேர்த்து எடு என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன்.

சரி, இரண்டாவது வழி. பெண் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும், விளக்கை மட்டும் ஏற்று. உறங்கும் கூட்டத்தின் முன்னால் வலுவான ஒரு புரோமோட்டரை, அதாவது மரபணுவை இயக்கும் விசையை, கிரிஸ்பர் கொண்டு செருகுவது. இதில் சிங்கப்பூருக்குச் சொந்தக் கதையே உண்டு. இங்குள்ள அரசு ஆய்வு அமைப்பான ஏஸ்டாரின் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹுய்மின் ஜாவோவும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், பல ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகளில் இப்படி உறங்கிய கூட்டங்களை எழுப்பினார்கள். அதுவரை அறியாத ஒரு பொருளும் கிடைத்தது. ஒரு லட்சம் எழுத்துகளைச் சுமக்க வேண்டாம். செருகும் விசையும் இருபுறமும் ஓரிரு ஆயிரம் எழுத்துகளும் போதும். மூலப்பொருள்கள், துணை நொதிகள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.

ஆனால் அந்த வீட்டுக் கதவு திறக்க வேண்டுமே. காட்டு வகைகள் பல வெளி டிஎன்ஏவை உள்ளே விடவே மாட்டா. கிரிஸ்பரின் வெட்டும் நொதியான கேஸ்9 சில வகைகளுக்கு நஞ்சு போல ஆகிவிடுகிறது. ஜி, சி எழுத்துகள் 70 சதவிகிதத்துக்கும் மேல் நிறைந்த மரபணுத் தொகை என்பதால் அது வெட்டக்கூடிய இடங்கள் ஏராளம், தவறான இடத்தில் வெட்டும் ஆபத்தும் அதிகம். அப்புறம் புது முகடு வந்தாலும், சொந்தப் பொருள்கள் ஐம்பது நடுவில் அதைத் தேட வேண்டும்.

ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைப்பதையும் அவள் கேட்டாள். 2001ல் எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கின் அடிப்படைச் சட்டகத்தை அதில் தயாரித்தார்கள், அதற்காக ஈ.கோலையின் உள் வேலைகளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஆகாது.

ஆகவே என் தேர்வு: முதலில் கதவைத் தட்டிப் பார். ஏப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் உன் மண் வகையை வளர விடு; சில வகைகள் அந்த மருந்தை முன்பே தாங்கும், அப்படியானால் புது டிஎன்ஏ ஏறியவற்றை மட்டும் வாழவிடும் தேர்வு மருந்தை மாற்று. பிறகு டிஎன்ஏவில் மெத்தில் குறி போடாத ஈ.கோலையிலிருந்து வெற்றுப் பிளாஸ்மிட் (சிறு டிஎன்ஏ வளையம்) ஒன்றைக் கடத்திப் பார். இரண்டு வாரத்தில் காலனி வந்தால் கிரிஸ்பர். வராவிட்டால் தயங்காமல் டார், எம்1152. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதே. வகை எங்கிருந்து கிடைக்கும் என்பதையும் யோசி: புக்கிட் தீமா மண்ணை நினைத்தபடி அள்ளி வர முடியாது, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதற்கே வாரங்கள் போய்விடலாம் என்பதால், மேற்பார்வையாளரின் உறைபெட்டியில் இருக்கும் வகைகளோடு தொடங்கச் சொன்னேன்.

புதன்கிழமை அவள் படம் அனுப்பினாள். நான்கு வகைகள், நான்கு ஏப்ராமைசின் தட்டுகள். மூன்றில் ஒன்றும் முளைக்கவில்லை. நான்காவதில் சாம்பல் நிற வித்துகள் தட்டு நிறைய இருந்தன. அதன் அடியில் சிவப்பு எழுதுகோலால் "இதற்கு வேறு மருந்து" என்று எழுதியிருந்தாள்.