போர்வெல்லை இரண்டு மணி நேரத்தில் சுத்தம் செய்வதாகச் சொல்லி வருபவர்களை நம்பாதீர்கள்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கம்ப்ரசர் வண்டியோடு வந்த ஒரு குழுவிடம் நாங்கள் பணத்தையும் இழந்தோம். ஒரு பையனின் உயிரும் போகப் பார்த்தது.

எங்கள் போர்வெல் 650 அடி ஆழம். மண் சரியாமல் தாங்கும் கேசிங் பைப் 60 அடி வரைதான், அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. தண்ணீர் 250 அடியில் நிற்கும். கோடைக்குப் பிறகு தண்ணீர் செம்மஞ்சளாக வரத் தொடங்கியது. சேற்று வாடை வேறு. சொட்டுநீர்க் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. மோட்டாரை மேலே எடுத்துப் பார்த்தால், சல்லடை முழுவதும் துருநிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தது. விரலால் வழித்த பிறகுதான் அடியில் இருந்த உலோகம் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீரில் கரைந்த இரும்பைப் பற்றிக்கொண்டு வளரும் பாக்டீரியாவின் வேலை இது. நிலத்தடி நீரில் இரும்பு இருக்கும் இடங்களில் எல்லாம் வரக்கூடியதுதான். சரிசெய்யவும் முடியும், ஆனால் அவசரத்தில் முடியாது.

வந்தவர், “இரண்டு மணி நேரம் போதும் அண்ணா, கண்ணாடி மாதிரி தண்ணீர் வரும்” என்றார். காட்டுப் பாதையில் வண்டி ஏறி வந்ததற்கே டீசல் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, குழாயை இறக்குவதற்கு முன்பே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, வேலை முடியட்டும் என்றார். இன்னொரு வண்டியை இங்கே வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கஷ்டத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

கம்ப்ரசரின் காற்றுக் குழாய் 300 அடிக்கு மேல் இறங்கவே இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெறும் 50 அடி. மிச்சம் இருந்த 350 அடியை யாரும் தொடவில்லை. இறக்கும்போதும் ஏற்றும்போதும் காற்றை நிறுத்தாததால், கேசிங் முடியும் இடத்தில் இருந்த இளகிய பாறையும் செம்மண்ணும் பெயர்ந்து உள்ளே விழுந்தன. மேலே தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது, பார்ப்பவர்களுக்குப் பெரிய வேலை நடப்பதாகத் தோன்றும்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. நீலக் கேனில் இருந்த ஆசிட்டை உள்ளே ஊற்றினார்கள். அது அடங்குவதற்குள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டினார்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது; மேலே போய்விடாமல் தரையோடு தேங்கும். குனிந்து பவுடர் கொட்டிக்கொண்டிருந்த பையனுக்கு மூச்சு முட்டி, கண்ணில் நீர் வழிய அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனைக் காற்று வரும் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அவனுக்கு முகக்கவசம்கூடக் கொடுக்காத முதலாளியை என்னால் மன்னிக்க முடியவில்லை. நாங்கள் திரும்பி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டிருந்தது. போனையும் எடுக்கவில்லை.

சில வாரங்களிலேயே பழைய நிறமும் வாடையும் திரும்பி வந்தன. வேறு ஓர் ஆள் கயிற்றில் எடை கட்டி இறக்கிப் பார்த்தபோது அது 590 அடியிலேயே நின்றுவிட்டது. அடியில் 60 அடிக்குச் சேறும் கல்லும்.

அந்த ஆள் செய்த முறை வேறு. முதலில் கம்பித் தூரிகையை மேலிருந்து அடிவரை ஏற்றி இறக்கித் துளையின் சுவரைத் தேய்த்தார். அதன் பிறகே கம்ப்ரசர் குழாயை அடிமட்டம் வரை கொண்டுபோய்ச் சேற்றை வெளியேற்றினார். கடைசியில்தான் குளோரின். ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 250 அடியிலிருந்து 650 அடி வரை 400 அடி தண்ணீர், எங்கள் கணக்குக்கு 2,600 லிட்டர். லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால், 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் ஒன்றேமுக்கால் கிலோ அளவில் போதும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. பவுடரைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் உள்ளே விட்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டார். கொழகொழப்பான பாக்டீரியாப் படலத்துக்குள் மருந்து ஊறுவதற்கு அந்த நேரம் கட்டாயம் தேவை. இரண்டு மணி நேரத்தில் மொத்த வேலையும் முடிந்துவிடும் என்பவர் இதைச் செய்யப்போவதில்லை.

யாரை அழைத்தாலும், வேலைக்கு முன்பும் பின்பும் உங்கள் கண்ணெதிரே கயிறு இறக்கி ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மறுப்பவருக்கு முன்பணம் தராதீர்கள். ஆசிட் கேன் வண்டியில் இருந்தால், அது எதற்கு, எப்போது ஊற்றப்போகிறார்கள் என்று கேளுங்கள். குளோரின் போட்ட பிறகு முதலில் வரும் தண்ணீரை வாடை போகும்வரை தரிசில் இறைத்து விடுங்கள். மாட்டுத் தொட்டிக்கும் நாற்றங்காலுக்கும் விட வேண்டாம். குடிக்கும் முன், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.