30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தாங்கிய மூடி 12-இல் கசிந்தது: பழைய பீர் பீப்பாய் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று இரவு 19 லிட்டர் பீரைச் சாக்கடையில் கொட்டினேன். நானே வீட்டில் காய்ச்சி, 16 நாள் நொதிக்கவைத்து, ஒவ்வொரு நாளும் வெப்பநிலை பார்த்துப் பார்த்து வளர்த்த பீர் அது. அதோடு என் ஏழு மாதச் சேமிப்பும் போய்விட்டது. கோபம் தணிந்த பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பயன்படுத்திய பொருள்களைத் தனியாட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தை அது.

ஒவ்வொரு முறையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்களைக் கழுவி, கிருமி நீக்கி, அளந்து சர்க்கரை போட்டு மூடும் வேலை எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஆகவே, முன்பு குளிர்பான நிறுவனங்கள் பாகு நிரப்பி அனுப்பப் பயன்படுத்திய எஃகுப் பீப்பாய்களில், 9.5 லிட்டர் கொள்ளும் சிறியவை இரண்டைத் தேடினேன். இரண்டு பீப்பாய்கள், கார்பன் டைஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே விளம்பரத்தில் கிடைத்தன. 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, அழுத்தச் சோதனை செய்யப்பட்டது' என்று போட்டிருந்தார்கள்.

அந்த விற்பனையாளரை நான் நம்பியதற்குக் காரணம் அவருடைய பேச்சு. வாயு நுழையும் முனையில் வெட்டுக்குறிகள் இருக்கும், பீர் வெளிவரும் முனையில் இருக்காது, இரண்டையும் மாற்றிப் பூட்டினால் கழற்றவே முடியாது என்று நான் கேட்காமலே விளக்கினார். ரப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றிவிட்டதாக உறுதி கூறினார். பிறகு ஒரு காணொளி அனுப்பினார். அதில் ரெகுலேட்டரின் முள் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அசையாமல் நின்றது. மூடியைச் சுற்றி ஊற்றிய சோப்பு நீரில் ஒரு குமிழி கூட எழவில்லை. பீரைப் பரிமாற 12 பி.எஸ்.ஐ. போதும், 30-ஐத் தாங்கும் பீப்பாய்க்கு 12 ஒரு பொருட்டா என்று எண்ணி அன்றே முழுத் தொகையையும் அனுப்பினேன். நான் ஏமாந்த இடம் அதுதான். இந்தப் பீப்பாய்களின் நீள்வட்ட மூடி உள்ளிருந்து வாயில் பொருந்துவது. உள்ளே அழுத்தம் கூடக் கூட அது விளிம்போடு இறுகும். விளிம்பு நசுங்கிய பீப்பாய்கூட 30-இல் கசியாமல் நிற்கும், அழுத்தத்தைக் குறைத்ததும் கசியத் தொடங்கும். முனைகளைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பீரை நிரப்பி, மூடியை 30-இல் இறுக்கி, உள்ளிருந்த காற்றைப் பலமுறை வெளியேற்றி, 12-க்குக் குறைத்து, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலையில் சிலிண்டர் காலி. நல்லவேளையாக அந்த அறையின் சன்னல் திறந்திருந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு மூடிய அறையில் தேங்கினால் மூச்சுத் திணறும். மறுபடி வாயு நிரப்பிவந்து பார்த்தபோது ஒரு பீப்பாயின் மூடியைச் சுற்றி நுரை பொங்கியது. நண்பர் ஒருவரின் மூடியைப் போட்டுப் பார்த்தும் நிற்கவில்லை. வாயின் விளிம்பே வளைந்திருந்தது. காற்றுப் புகுந்த அந்தப் பீர் சில நாளில் ஈர அட்டையைப் போல நாறியது. மற்றப் பீப்பாய் கசியவில்லை, ஆனால் அதன் பீரில் பழைய குளிர்பானப் பாகின் இனிப்பு வாடை ஏறியிருந்தது. கழற்றிப் பார்த்தேன். பீரை அடியிலிருந்து மேலே கொண்டுவரும் நீண்ட உறிஞ்சுகுழாயின் கழுத்தில் இருந்தது வெடித்துப்போன பழைய ரப்பர் வளையம். மேலே கண்ணில் படும் மூடி வளையத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அழைத்தபோது, நான் மூடியைச் சரியாக இறுக்கவில்லை என்றார். படம் அனுப்பினேன், பார்சலில் நசுங்கியிருக்கும், கொண்டுவந்தவரைக் கேளுங்கள் என்றார். மூன்றாவது முறை அழைப்பை எடுக்கவே இல்லை. தளத்தில் புகார் செய்தபோது 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள், பிறகு அதே படங்களை மறுபடி கேட்டார்கள், கடைசியில் பொருள் கைக்கு வந்து ஏழு நாள் கடந்துவிட்டதால் எதுவும் செய்ய இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பீர் நொதித்து முடிய 16 நாள் ஆகும்போது ஏழு நாளுக்குள் பீப்பாயின் குறையை நான் எப்படிக் கண்டிருப்பேன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஏழு மாதச் சேமிப்புக்கு ஏழு நாள் தவணை!

விரிவாக வழிமுறை எழுத எண்ணித்தான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பீப்பாய் வந்த அன்றே, பீருக்குக் காத்திராமல், வெறும் வாயுவை 10 அல்லது 12 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிச் சிலிண்டரைக் கழற்றிவிட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். காணொளி கேட்டால், பீப்பாயில் பொறித்த எண்ணும் அதே காட்சியில் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள். எனக்கு வந்த காணொளியில் அந்த எண் எங்கும் இல்லை. யார் என்ன சொன்னாலும் எல்லா வளையங்களையும் நீங்களே மாற்றுங்கள். சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள், என்னுடையது காலாவதியாகியிருந்தது. சிலிண்டரை ஒருபோதும் இரவு முழுவதும் திறந்து வைக்காதீர்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். நான் அனுப்பிய ஏழு மாதச் சேமிப்பில் ஒரு காசுகூட இன்றுவரை திரும்பவில்லை.